‘பாத்துக்கறேனுங்க’ என்றால் போதாது

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோவை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சரக்கு அறையிலிருந்து திவ்யா என்ற பெண் எங்கள் தற்கொலைத் தடுப்பு உதவி மையத்துக்குப் போன் செய்தாள். தனக்காக அல்ல, ஹாஸ்டலில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கீர்த்தனாவுக்காக.

2. கீர்த்தனாவிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் திவ்யாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் போய்க் கேட்டாள்.

3. கீர்த்தனா ஆமாம் என்றாள்.

4. கீர்த்தனாவின் சம்மதத்தோடு, உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் இருந்த அவளுடைய அப்பாவிடம் பேசினேன்.

5. “நான் பாத்துக்கறேனுங்க அம்மணி” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

6. எங்கள் மையத்தின் வழக்கப்படி அந்த அழைப்பு இன்னும் முடியவில்லை.

ஐந்தாவதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். ஆறாவதைப் பற்றி எழுதித் தரச் சொல்லி, மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேர் கேட்டார்கள். அங்கே இப்போது போனோடு இணையச் சாட்டும் வந்துவிட்டது. இளம் வயதினர் பலர் பேசுவதில்லை, டைப் செய்கிறார்கள். “குரலே இல்லாதவங்ககிட்ட எப்படிக்கா கேக்கறது?” என்பது அவர்களுடைய கேள்வி. எனக்குச் சாட்டில் அனுபவம் இல்லை. போனில் கற்றதை எழுதுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்றவள். வயது முப்பத்திரண்டு. சிலர் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மேல் யாரும் போனில் உட்காரக்கூடாது என்பது எங்கள் மையத்தின் விதி. காதுக்கும் ஓய்வு வயது உண்டு என்பார்கள். இப்போது ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் மோட்டார்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். நான் படித்தது அதற்குத்தான்.

மையத்துக்கு நான் போனதும் எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்காகத்தான். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை நான்கு மேசைகளுக்குப் பிரித்துத் தர வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் மேற்பார்வையாளர் கேட்க இரண்டாவது ஹெட்செட் வேண்டும் என்று அழைத்தார்கள். வேலை முடிந்தது. மேசையில் உட்கார ஆள் போதவில்லை. பயிற்சிக்கு வருகிறாயா என்றார்கள். போனேன்.

பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேள். அறிவுரை சொல்லாதே. சந்தேகம் வந்தால் நேராகக் கேள். முதல் இரண்டும் சில வாரங்களில் வந்துவிடும். மூன்றாவது வருவதற்குள் பலர் விலகிவிடுவார்கள். “செத்துப்போயிரலாம்னு நெனக்கிறீங்களா?” என்ற கேள்வியைச் சுற்றி வளைக்காமல், குரலைத் தாழ்த்தாமல் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். புகாது. ஏற்கெனவே இருக்கிற எண்ணம் வெளியே வர ஒரு வழி கிடைக்கும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் பொறுப்பு ரெஜினா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், வேலையும் ரயில்வேயில்தான், ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். வாரத்தில் ஒரு நாள், காலைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக மையத்துக்கு வருவார். செருப்பைக் கழற்றியதும் இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார். நல்லா இருக்கியா, சாப்பிட்டயா எதுவும் கிடையாது. எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன்கூட அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான்.

அவர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் மையத்துக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஸ்டேஷனிலிருந்து ரயிலை அனுப்ப வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுக்க வேண்டும். அவர் போனில் ‘சரி சரி அனுப்புங்க’ என்றால் அது லைன் கிளியர் ஆகாது. எந்த ரயில் என்று அவர் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும், கூடவே தனக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணையும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் இங்கே சிக்னல் இறங்கும். ஆபத்தில் இருக்கும் ஒருவரை வீட்டாரிடம் ஒப்படைப்பதும் அப்படித்தான் என்பார் ரெஜினா. “வாங்கிக்கிறவங்க என்னத்த வாங்கிக்கிறோம்னு சொல்லணும். அது வரைக்கும் வண்டி உன் ஸ்டேஷன்லதான் நிக்குது.”

அவர் அதைக் கடைப்பிடிக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கொங்குப் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு உண்டு. எதிரே இருப்பவர் மரியாதையாக ‘நாங்க பாத்துக்கறோமுங்க’ என்றால், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்பது அவரை நம்பாமல் இருப்பதற்குச் சமம் என்று நினைத்து விட்டுவிடுவோம். என்னோடு சேர்ந்த செந்தில் அப்படித்தான் ஒரு மாணவனை அவனுடைய சித்தப்பாவிடம் ஒப்படைத்தான். இரண்டு நாள் கழித்து அந்த மாணவனே மறுபடி அழைத்தான். சித்தப்பா அவனுக்குப் புது செல்போன் வாங்கித் தந்திருந்தார். பரீட்சைப் பயம், வேறொன்றுமில்லை என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். செந்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தான், ஆனால் ‘அந்த மாதிரி எண்ணம்’ என்று சொல்லியிருந்தான். அவர் கெட்ட மனிதரில்லை. பாத்துக்கறோம் என்றார், தனக்குத் தெரிந்த வகையில் பார்த்தும்கொண்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

“ஏனுங்க, நீங்க ஆளுங்களா, கம்ப்யூட்டருங்களா?” இதுதான் திவ்யாவின் முதல் வாக்கியம்.

“ஆளுதானுங்க. பேரு சங்கீதா. சொல்லுங்க.”

“வேகமாச் சொல்லிப்போடறேனுங்க. சாப்பாட்டு நேரம். மேனேஜர் பாத்தாருன்னா என்னையும் மடிச்சு ரேக்குல வெச்சிருவாரு.”

வேகமாகத்தான் சொன்னாள். கீர்த்தனா இஞ்சினியரிங் கடைசி வருடம். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், மாலையில் திரும்புவாள். திவ்யாவுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய் பூ வாங்கப் போனபோது, டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் கீர்த்தனா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மாலையில் அதே வழியில் திரும்பும்போதும் அதே பெஞ்சில் இருந்தாள். கேட்டதற்கு, காலேஜ் லீவு என்றாளாம். வெள்ளிக்கிழமை அலமாரியை முழுதாகச் சுத்தம் செய்து, பிடித்த சுடிதாரையும் இயர்போனையும் திவ்யாவிடம் கொடுத்துவிட்டாள்.

“என்னடி, சொத்துப் பிரிக்கறயான்னு கிண்டல் பண்ணினனுங்க. சிரிச்சா. நேத்துலேர்ந்து ரொம்ப அமைதியா நல்லா இருக்கறாளுங்க. அதுதானுங்க எனக்கு பயமா இருக்குது. முன்னெல்லாம் அழுவா, சண்ட போடுவா.”

அவள் பயப்பட்டது சரி. பொருளைக் கொடுத்துவிடுவதும், நெடுநாள் தவிப்புக்குப் பின் திடீரென்று வரும் அமைதியும் நாங்கள் கவனிக்கக் கற்றுக்கொண்ட அறிகுறிகள். ரெஜினா இரண்டாவது ஹெட்செட்டில் இருந்தார். திவ்யாவை உடனே அறைக்குப் போகச் சொன்னேன். கேட்க வேண்டியதையும் சொன்னேன்.

“அத அப்படியே வாயில சொல்லச் சொல்றீங்களா? எங்க ஊட்ல அப்படிப் பேசினா வாயக் கழுவிட்டு வரச் சொல்லுவாங்க.”

“கழுவிக்கலாமுங்க திவ்யா. மொதல்ல கேளுங்க. எங்கிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க.”

என்னிடம் கேட்டுப் பார்த்தாள். முதல் தடவை, “நீ தப்பா எதும் நெனைக்கலதான?” என்று வந்தது. இப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மறுபடி கேட்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. குரல் நடுங்கியது, அது பரவாயில்லை. வயிற்றுவலி என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த ஹாஸ்டலுக்கு ஓடினாள்.

பிறகு அவள் அழைத்தபோது பேசியது கீர்த்தனா. அதே கேள்வியை நானும் கேட்டேன். “ஆமாங்க” என்றாள். ரெஜினா கையால் சைகை காட்டினார், காத்திரு என்று.

“பகல் பூரா பஸ் ஸ்டாண்டுல என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“உக்காந்திருப்பேன். ஒவ்வொரு பஸ்ஸும் எங்க போகுதுன்னு பாப்பேன். எல்லாருக்கும் போறதுக்கு ஒரு ஊர் இருக்குது. நான் எதுலயும் ஏறமாட்டேன்.”

முந்தைய செமஸ்டரிலேயே கல்லூரியை விட்டுவிட்டாள். படிக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை, இரவில் தூக்கமில்லை, எழுந்து குளிப்பதே பெரும்பாடு. அது நோயாக இருக்கலாம், வைத்தியம் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் கேட்கும்போதெல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லி வந்தாள். அடுத்த வாரம் கல்லூரி விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தது. அதற்குள் முடித்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள்.

அறையில் எதையாவது எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்டேன். வைத்திருந்தாள். என்ன என்பதை எழுதமாட்டேன். திவ்யா வார்டனை மேலே வரச்சொல்லி அதை வாங்கிக் கொடுத்தனுப்பினாள், கீர்த்தனாவின் பக்கத்திலிருந்து நகரவில்லை. இவ்வளவு செய்தும் ஆபத்து தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். இனி அன்றைய இரவு யாரோடு, காலையில் எந்த மருத்துவர் என்பவை இருந்தன.

“அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க” என்றாள்.

“எதச் சொல்லலாம், எதச் சொல்லக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க.”

காலேஜ் போகாததைச் சொல்லலாம். சாக நினைத்ததைச் சொல்லலாம். சொந்தக்காரங்க யாருக்கும் தெரியக்கூடாது.

அவளுடைய அப்பா போனை எடுத்தபோது பின்னால் தேங்காய்களை லாரியில் எறியும் சத்தம் கேட்டது. “சொல்லுங்க அம்மணி” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. லாரிச் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது தெரிந்தது.

“சரிங்க அம்மணி. நான் பாத்துக்கறேனுங்க. ரொம்ப நன்றிங்க.”

ரெஜினா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இல்லை என்று. பிறகு தன் மைக்கைத் திறந்தார்.

“அய்யா, நான் மேற்பார்வை ரெஜினா. சங்கீதா உங்ககிட்ட சொன்னத ஒருக்கா திரும்பச் சொல்லுங்க.”

“நானென்ன பள்ளிக்கூடத்துப் பையனுங்களா, ஒப்பிக்கறதுக்கு?”

“இல்லீங்க அய்யா. நான் ஸ்டேஷன் மாஸ்டர். தெனமும் என்னையும் திரும்பச் சொல்லச் சொல்றாங்க. சொல்லலீன்னா வண்டி நகராது.”

“பொண்ணு காலேஜ் போறதில்ல. அப்புறம்… அதுதானுங்க.”

“எதுங்க?”

“நீங்க சொன்னதுதானுங்க. பாத்துக்கறேனுங்க அம்மணி.” வைத்துவிட்டார்.

இங்கேதான் அந்த ஐந்தாவது வரி முடிகிறது. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு முறையும் எடுக்கவில்லை. ரெஜினா திவ்யாவிடம் சொல்லச் சொன்னது ஒன்றுதான். “லைன் கிளியர் வரல. அந்தப் பொண்ணுகூட இருக்கச் சொல்லு.”

திவ்யா கேட்டாள், “எத்தன நேரமுங்க?”

“அவங்கப்பா வந்து உங்ககிட்டேர்ந்து வாங்கிக்கற வரைக்கும்.”

“சரிங்க. வேல போனா நீங்கதான் கட போட்டுக் குடுக்கோணும்.” அந்த நேரத்திலும் கீர்த்தனா சிரித்தது போனில் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் நல்ல அறிகுறியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, கெட்ட அறிகுறியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. தோழி பக்கத்தில் இருக்கிறாள் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் திவ்யா அழைத்தாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. கீர்த்தனாவின் அப்பா வந்துவிட்டார். தனியாக இல்லை. ஒரு காரில் பெரியப்பா, மாமா, மாமாவின் மகன். காலேஜில் ஏதோ பிரச்சினை, கூட்டிக்கொண்டு போய் நாலு பேரை வைத்துப் புத்தி சொல்லிச் சரி செய்துவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள். கீர்த்தனா ஜன்னல் வழியே காரைப் பார்த்தாள், கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“வார்டனைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு, நீங்க கீழ போய் அவங்கப்பாகிட்ட மட்டும் போனக் குடுங்க.”

கொடுத்தாள். அவர் காரிலிருந்து விலகி, எதிரே இருந்த டீக்கடை ஓரமாக வந்து நின்றதாகத் திவ்யா பிறகு சொன்னாள்.

“அய்யா, கூட வந்தவங்க நல்லவங்கதானுங்க. ஆனா இன்னிக்கு ஒருத்தர் போதுமுங்க” என்றேன்.

“தனியா வர முடியலீங்க அம்மணி. காலு ஓடல.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் விஷயத்தை விளங்கிக்கொள்ளாமல் போனை வைக்கவில்லை. விளங்கியதால் வைத்திருந்தார்.

“நீங்க அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. சாகோணும்னு நெனச்சயான்னு.”

“அத எப்படிங்க பெத்த வாயால கேக்கறது? நாக்கு வருமுங்களா?”

“அவங்க ஏற்கெனவே திவ்யாகிட்ட சொல்லிட்டாங்க, எங்கிட்ட சொல்லிட்டாங்க. உங்ககிட்டதான் இன்னும் சொல்லல. நீங்க கேக்காம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, அங்கயும் சொல்லாமத்தான் இருப்பாங்க.”

ரெஜினா என் பக்கம் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“போன வெச்சிராதீங்க அம்மணி. கூடவே இருங்க” என்றார் கீர்த்தனாவின் அப்பா. காரில் இருந்தவர்களிடம் போய், “நீங்க ஊருக்குப் போங்க. நான் பஸ்ஸுல வாரேன்” என்றார். “என்னடா, இத்தன தூரம் வந்துட்டு?” என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. “போங்கண்ணா. நான் சொல்றனல்ல.” காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த ஹாஸ்டலில் பார்க்க வருகிறவர்களுக்காகக் கீழே ஒரு பெஞ்சு. திவ்யா மேலே போய்க் கீர்த்தனாவை அழைத்து வந்தாள். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. பிறகு துணியின் உரசலுக்கு நடுவே கேட்டது.

“கண்ணு.”

“என்னங்ப்பா.”

“செத்துப்போயிரலாம்னு நெனச்சயா, சாமி?”

“ஆமாங்ப்பா.”

அவர் அழவில்லை, திட்டவில்லை. நாங்கள் சொல்லித் தராத ஒன்றைக் கேட்டார்.

“இப்பவும் அப்படி இருக்குதா?”

“கொஞ்சம் இருக்குதுங்ப்பா.”

“செரி. கொஞ்சம் இருக்கறவரைக்கும் நான் இங்கதான் இருக்கறேன்.”

பிறகு போனை வெளியே எடுத்தார். “அம்மணி, அந்த இன்னொரு அம்மணியும் கேக்கறாங்களா?”

“கேக்கறேங்க அய்யா” என்றார் ரெஜினா.

“எம்பொண்ணு காலேஜ் போறதில்ல. அவளுக்கு ஒடம்புக்கு முடியல. சாகோணும்னு நெனச்சிருக்கறா, இப்பவும் கொஞ்சம் நெனக்கறா. ராத்திரிக்கு நான் கூட இருக்கறேன், தனியா உடமாட்டேன். காத்தால நீங்க சொல்ற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சொந்தத்துல யாருகிட்டயும் சொல்லல. செரியா சொல்லிட்டனுங்களா?”

“சரியா சொல்லிட்டீங்க அய்யா.” ரெஜினா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அடுத்த அழைப்பு வந்திருந்தது.

எல்லா அழைப்புகளும் இப்படி முடிந்ததில்லை. அப்படி முடியாதவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை அந்தந்தக் குடும்பங்களுடையவை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருநாள் தங்களுக்கும் அப்படி ஒன்று வரும் என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். வந்தால் தனியாக வீட்டுக்குப் போகாமல், ரெஜினாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இனி சாட் பற்றி: திரையில் தட்டும்போது ‘நான் பாத்துக்கறேன்’ என்பது இன்னும் எளிதாக வரும், கூட ஒரு கைகூப்பும் பொம்மையும் வரும். அதையும் லைன் கிளியராக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றுக்கொள்பவரைப் போனில் கூப்பிடுங்கள். திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் கோபப்படட்டும்.

இன்றைய நிலை இது. மேற்பார்வைக்கு அந்த ஓய்வு விதி இல்லை, ரெஜினா இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டில் இருக்கிறார். சாட்டில் வருகிறவர்கள் முதலில் கேட்பது திவ்யா கேட்டதைத்தான், ஆளா கம்ப்யூட்டரா என்று. ஆளைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். திவ்யாவுக்கு வேலை போகவில்லை. அந்தச் சுடிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், இயர்போனைக் கொடுக்கவில்லை. கீர்த்தனா அந்தப் படிப்பை முடிக்கவில்லை. சிகிச்சையில் இருக்கிறாள், உடுமலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறாள். மோசமான வாரங்கள் இன்னும் வருகின்றன. அப்போதெல்லாம் அவளுடைய அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கிறார். பெரும்பாலும் இல்லை என்கிறாள். சில நாள் ஆமாம் என்கிறாள். அன்றைக்கு அவர் தோப்புக்குப் போவதில்லை.